மூஞ்சூற்றின் குருதிக்கடலை அளந்த காதை

வாழ்க நிஷிகோரி! மிசுஹோ ஆற்றங்கரைப் பல்கலைக்கழகத்தின் மூன்றாம் மாடியில், ஈயும் நுழைய முடியாத இரட்டைக்கதவுக் கோட்டைக்குள், வெள்ளை மேலங்கியே பொற்கவசமாகவும் காகித முகமூடியே வீரப்பட்டமாகவும் ரப்பர்ச் செருப்பே வெற்றிக்கழலாகவும் பூண்டு, மூஞ்சூற்றுக் குடிகள் நாற்பதைக் கண்ணெனக் காத்துக் கோலோச்சிய உதவிப் பேராசிரியை நிஷிகோரி வாழ்க! வேல் பிடித்தவர்களைப் பாடியாயிற்று. வில் பிடித்தவர்களைப் பாடியாயிற்று. களிற்றின் மத்தகத்தைப் பிளந்தவர்களையும் கடலைக் கலமேறிக் கடந்தவர்களையும் பாடிப் பாடிப் புலவர்களின் தொண்டையே கட்டிவிட்டது. ஆனால் மயிரிழையிலும் மெல்லிய ஊசியொன்றைக் கையிலேந்தி, ஒரு கைப்பிடிக்குள் அடங்கிவிடும் சிற்றுயிரின் உடலுக்குள் சுழன்றோடும் செங்கடலின் அளவைக் காணப் புறப்பட்டவளை மட்டும் இதுவரை யாரும் பாடவில்லை. அந்தப் பெருங்குறை தீரவே இக்காதை எழுந்தது.

ஆனைமுகத்துப் பெருமானே, காப்பு! உன் மலைபோன்ற மேனியைச் சுமந்து ஒருநாளும் முணுமுணுக்காத மூஞ்சூற்றின் தூரத்துப் பங்காளிகளைத்தான் இக்கதை நெடுகக் குத்தப் போகிறோம். கெட்ட எண்ணம் ஏதுமில்லை. பொறுத்தருள்க, இயன்றால் அவற்றின் கழுத்துச் சிரையைச் சற்றே புடைக்கச் செய்தும் அருள்க.

இனிப் போர் மூண்ட காரணம் கேளுங்கள்.

எலிகளுக்கு வாந்தி வராது. கப்பலில் ஏற்றினாலும் காரில் வைத்துக் குலுக்கினாலும், விழுங்கியதை விழுங்கியபடியே வைத்திருக்கும் கல்வயிற்றுக் குலம் அது. மூஞ்சூறோ பூங்காற்றில் கூண்டு ஆடினாலே முகம் சுளித்து, உண்டதை உலகுக்கே திருப்பியளித்துவிடும் மெல்லியல்பு கொண்டது. ஆகவே கப்பற்பயணிகளின் குமட்டலுக்கு மருந்து காண விழைந்த நிஷிகோரி, எலிகளை விடுத்து மூஞ்சூறுகளைத் தன் குடிகளாக்கிக்கொண்டாள். மருந்து உடம்பில் எவ்வளவு தங்குகிறது என்று அறிய வாரந்தோறும் கொஞ்சம் ரத்தம் எடுக்க வேண்டும். ஓர் உயிரின் மொத்த ரத்தத்தில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் எடுக்கக் கூடாது என்பது அந்தப் பல்கலைக்கழகத்து விலங்குச் சோதனைக் குழுவின் நீதி. நல்ல நீதிதான். ஆனால் மூஞ்சூற்றின் மொத்த ரத்தம் எவ்வளவு? குழுவின் அட்டவணையில் சுண்டெலிக்கு ஓர் எண் இருந்தது, வெள்ளெலிக்கு இருந்தது, முயலுக்கும் இருந்தது. மூஞ்சூற்றின் வரிசையில் இருந்ததோ ஒரு சிறு கோடு. அண்டசராசரங்களையும் அளந்துவிட்ட மானுட அறிவு அந்தச் சிறு கோட்டின் முன் தலைகவிழ்ந்து நின்றது.

அக்கோட்டை நிரப்ப முன்வந்தவன், அதே மாடியில் சுண்டெலி அறைக்கு அதிபதியான விரிவுரையாளன் இதாகுரா. ஈராயிரம் சுண்டெலிகளின் வேந்தன். எதையும் பெருக்கிச் சொல்லும் பேராற்றல் உடையவன். நடைபாதையில் எதிர்ப்பட்டவர்களை எல்லாம் நிறுத்திக் கருத்துரைக்கும் வள்ளல்.

"எதுக்கு இவ்ளோ பாடு, நிஷிகோரி சான்? சுண்டெலிக்கு இருக்கற கணக்க எடையால பெருக்கிப் போட்டா முடிஞ்சுது. ரெண்டும் ஒரே மாதிரிதானே இருக்கு."

"ஒரே மாதிரி இருக்கு. ஒண்ணு இல்ல," என்றாள் நிஷிகோரி.

அவள் அப்படிச் சொன்னதற்குக் காரணம் இருந்தது. சென்ற இலையுதிர்காலத்தில் அதே சுண்டெலிக் கணக்கை நம்பி அவள் ரத்தம் எடுத்த மூஞ்சூறுகளில் ஒன்று, நாளுக்கு நாள் வெளிறி, ஒருநாள் காலையில் கூண்டின் மூலையில் சுருண்டு கிடந்தது. ஆண்டுதோறும் சோதனை விலங்குகளுக்காக வளாகத்து நினைவுக்கல்லின் முன் நடக்கும் அஞ்சலியில், எல்லோரும் வெள்ளைச் சாமந்தியை வைத்துக் கைகூப்பி நகர்ந்த பிறகும் அவள் நகராமல் நின்றாள். நின்றவள் அட்டவணையிலிருந்த அந்தச் சிறு கோட்டைத்தான் நினைத்துக்கொண்டிருந்தாள். அன்றே அவள் நெஞ்சுக்குள் முரசு கொட்டிவிட்டது.

குழுவின் தலைவர் பேராசிரியர் மோரிசாவா, நரைத்த புருவங்களை உயர்த்தாமலே தீர்ப்புரைத்தார். வியாழக்கிழமை காலைக் கூட்டத்துக்குள் நம்பும்படியான ஓர் அளவாவது கொண்டுவந்தால் முடிவைத் தள்ளிவைக்கலாம், இல்லாவிட்டால் சுண்டெலிக் கணக்கையே விதியாக எழுதிவிடுவோம் என்றார். எழுதிவிட்டால் எழுதியதுதான். அந்த நாட்டில் விதியைத் திருத்துவதைவிட மலையைத் தள்ளிவைப்பது எளிது.

குளத்து நீரை இறைத்துக் கொட்டி அளக்கலாம். உயிரின் ரத்தத்தை அப்படி அளக்க முடியுமா? முடியாது. அதற்கு வேறொரு தந்திரம் உண்டு. அளவு தெரிந்த நீலச்சாயத்தைச் சிரைக்குள் செலுத்தி, அது உடலெங்கும் சுற்றிக் கலக்கும்வரை காத்திருந்து, பிறகு ஒரு துளி ரத்தம் எடுத்து, நீலம் எவ்வளவு வெளுத்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். ஒரு பிடி நீலத்தைக் கிண்ணத்தில் கரைத்தால் கறுக்கும், குளத்தில் கரைத்தால் மங்கும். எவ்வளவு மங்குகிறதோ அவ்வளவு பெரிய குளம். இவ்வளவுதான் சூட்சுமம். சொல்வதற்கு இவ்வளவுதான்.

செவ்வாய்க்கிழமை முதற்போர் தொடங்கியது. தடித்த தோலுறையணிந்த நிஷிகோரியின் வலக்கை, வானத்திலிருந்து இறங்கும் கருடனைப்போலக் கூண்டுக்குள் இறங்கிற்று. உள்ளே இருந்த மூஞ்சூறோ, நாற்புறமும் பகைசூழ நின்ற சிற்றரசன் தன் கடைசிப் படைக்கலத்தை எடுப்பதுபோலத் தன் விலாப்புறத்துக் கஸ்தூரியைத் திறந்துவிட்டது. அந்த நாற்றம் அறையை நிறைத்து, முகமூடியைத் துளைத்து, இரட்டைக்கதவுகளையும் கடந்து, நடைபாதையில் தேநீர் அருந்திக்கொண்டிருந்தவர்களைக் கோப்பையோடு கலைந்தோடச் செய்தது. அவள் கலங்கவில்லை. வாலைப் பற்றினாள். மூஞ்சூற்றின் வால் அடி பருத்து நுனி சிறுத்தது. அதன் கொழுப்புக்குள் சிரையானது கள்வனைப்போல ஒளிந்து கிடப்பது. ஊசி நுழைந்தது. நுழைந்த இடம் சிரைதான் என்று அவள் எண்ணினாள். சிரை அவ்வாறு எண்ணவில்லை. செலுத்திய நீலத்தில் ஒரு பாதி வாலின் தோலுக்கடியில் தங்கிவிட, ஒரு பங்கு பின்னோக்கிப் பீறிட்டு முகமூடிக்கு அடியே புகுந்து அவள் முகவாயில் தெறித்தது.

எஞ்சியது கொஞ்சமே உள்ளே போனதால் ரத்தத்தில் நீலம் மிகவும் மங்கித் தெரிந்தது. மங்கவே கணக்கில் குளம் பெருத்தது. பெருத்த பெருக்கைக் கேளுங்கள்: அறுபது கிராம் எடையுள்ள மூஞ்சூற்றின் உடலில் நாற்பத்தொரு மில்லி ரத்தம்.

செய்தி கேட்டு இதாகுரா வந்து கதவோரம் நின்றான். தாளை வாங்கி இருமுறை படித்தான்.

"நாப்பத்தொண்ணா? அப்போ மிச்சம் இருக்கறது என்ன, மீசையா?"

அன்று மாலை நீல முகவாயோடு பேருந்தில் போன வீராங்கனைக்கு, பக்கத்து இருக்கைக்காரர் ஒன்றும் கேட்காமல் ஓர் ஈரக்காகிதத்தை எடுத்து நீட்டினார். அவள் தலைவணங்கி வாங்கிக்கொண்டாள். துடைத்ததில் நீலம் கன்னம்வரை பரவியது.

புதன்கிழமைப் போரைப் பற்றி அதிகம் பாட நா எழவில்லை. ஊசி சரியாகப் போயிற்று, சாயம் சரியாகக் கலந்தது, ஆனால் அவசரமாக உறிஞ்சியதில் எடுத்த துளியிலிருந்த செவ்வணுக்கள் உடைந்துவிட்டன. தெளிந்திருக்க வேண்டிய நீர் செம்பருத்திச் சாறாகச் சிவந்து, நீலத்தை அளக்கும் கருவியைக் குழப்பிற்று. கருவி சிந்தித்து ஓர் எண்ணை உரைத்தது: அரை மில்லி. அதாவது நேற்றைய மூஞ்சூறு ஏரி, இன்றைய மூஞ்சூறு வறண்ட ஓடை. இதாகுரா அன்று நடைபாதையில் கடக்கும்போது தன் மீசையை மட்டும் ஒருமுறை தடவிக்கொண்டான். அதுவே வாள்வீச்சாக அவள்மேல் விழுந்தது.

வியாழன் புலர்ந்தது. வால் வழியில் இனி நம்பிக்கையில்லை. கழுத்துச் சிரைதான் ஒரே வாயில். அதற்கு மயக்கம் கொடுக்க வேண்டும். மயக்கம் கொடுக்க, கடுகளவு மூக்கின்மேல் வாயுக்குழாயை அசையாமல் பிடிக்க இன்னொரு கை வேண்டும். அவளுடைய உதவியாளரோ மலைச்சரிவுகளில் சுகி மரங்கள் மகரந்தம் கொட்டத் தொடங்கியதிலிருந்து கண் வீங்கி, மூக்கு ஒழுகி, வீட்டுக்குள் திரைச்சீலையை இழுத்துவிட்டுப் படுத்திருந்தார். அப்போது அவள் செய்த காரியத்தைத்தான் உண்மையான வீரம் என்று இந்தக் காதை கொண்டாடுகிறது. நேரே சுண்டெலி அறைக்குப் போனாள். எதிரியின் வாசலில் நின்றாள். இடுப்பு மடியக் குனிந்து, கை கொடுக்கும்படி கேட்டாள்.

இதாகுரா கொஞ்சநேரம் அவள் தலையுச்சியைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் கண்களும் சிவந்திருந்தன.

"எனக்கும் சுகிதான். மாத்திர போட்டா தூக்கம் வரும், போடலன்னா தும்மல் வரும். எது வேணும்?"

"தூக்கம் வேண்டாம்," என்றாள் நிஷிகோரி.

அன்று களத்துக்குத் தேர்ந்த மூஞ்சூற்றின் பெயர் தைஷோ. படைத்தலைவன் என்று பொருள். கடித்த விரல்களின் தொகையால் அப்பெயரை ஈட்டியது. மெலிந்த உடல், கொழுப்பற்ற கழுத்து, சினமே உணவாக வாழ்வது. கடித்தும் நாறியும் கிறீச்சிட்டும் இறுதிவரை போராடிய அப்படைத்தலைவன், மயக்கவாயுவின் மாயப்படலத்துக்குள் மெல்ல மெல்ல அமிழ்ந்து, கூர்மூக்கு ஒருபக்கம் சாய, மல்லாந்து படுத்தது. கழுத்து மயிரை மழித்தாள் நிஷிகோரி. இளஞ்சிவப்புத் தோலுக்கடியில், மாலைவானத்தில் தொலைதூரத்து ஆறு தெரிவதுபோல, நூலினும் மெல்லிய நீலக்கோடு ஒன்று தெரிந்தது. தெரிந்ததும் அவள் மூச்சை நிறுத்திக்கொண்டாள். ஊசிமுனை தோலைத் தொட்டது, தாழ்ந்தது, சிரைக்குள் புகுந்தது. ஊசியின் கழுத்தில் ஒரு சிவப்புப் புள்ளி பூத்தது. புகுந்தது உண்மை.

அந்தக் கணத்தில்தான் இதாகுராவின் மூக்கினடியில் முதல் அறிகுறி தோன்றிற்று.

கார்காலத்து முகில்கள் மேற்குமலை முகட்டில் ஒவ்வொன்றாகத் திரண்டு, மின்னலை மடியில் ஒளித்துக்கொண்டு, இதோ இடிக்கிறேன் இதோ இடிக்கிறேன் என்று உறுமி நிற்பதுபோலவும், பதினாயிரம் யானைகள் கோட்டைக் கதவுக்கு வெளியே துதிக்கையுயர்த்திக் காத்திருக்க உள்ளே ஒற்றைக் காவலன் வெறுந்தோளால் கதவை முட்டுக்கொடுத்து நிற்பதுபோலவும், நாட்டின் மலைகளிலெல்லாம் வளர்ந்த சுகி மரங்கள் அத்தனையும் தம் பொன்துகள் முழுவதையும் அந்த ஒருவனின் நாசிக்குள் மட்டுமே உதிர்த்துவிட்டதுபோலவும், தும்மல் எழுந்தது! இதாகுரா அசையவில்லை. அசைந்தால் குழாய் அசையும், குழாய் அசைந்தால் தலை அசையும், தலை அசைந்தால் நூல்போன்ற அந்தச் சிரை கிழியும். கண்ணிலிருந்து நீர் வழிந்து முகமூடியை நனைத்தது. நெற்றி நரம்பு புடைத்தது. காதுமடல் இரண்டும் செம்மிளகாயாகச் சிவந்தன. அவன் நாவை மேலண்ணத்தில் அழுத்தினான், கால்விரல்களைச் செருப்புக்குள் மடக்கினான், தன் ஈராயிரம் சுண்டெலிகளின் பேரையும் சொல்லிப் பார்த்திருப்பான், அவற்றுக்குப் பேர் இருந்திருந்தால்.

"இன்னும் கொஞ்சம்," என்றாள் நிஷிகோரி, தலை நிமிராமல்.

அவன் கண்களை இறுக மூடிக்கொண்டான்.

நீலம் கடைசித் துளிவரை இறங்கியது. ஊசி வெளியே வந்தது. பஞ்சு அமர்ந்தது. "ஆச்சு," என்று அவள் சொல்லி முடிப்பதற்குள் அவன் குழாயை அவள் கையில் திணித்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பித் தும்மினான். அந்தத் தும்மலில் கண்ணாடிக் குடுவைகள் ஒன்றோடொன்று மோதிக் கிணுகிணுத்தன; கூண்டுகளில் மற்ற முப்பத்தொன்பது மூஞ்சூறுகளும் ஒரே நேரத்தில் வாய்விட்டுக் கத்தின. இரண்டாவது வந்தது. மூன்றாவதும் வந்தது. பிறகு அவன் முகமூடியை இறக்கி, கையுறையின் புறத்தாலேயே மூக்கைத் துடைத்துக்கொண்டான். அந்த உறையில் என்ன ஒட்டியிருந்தது என்பதை இருவருமே கவனிக்கவில்லை.

சாயம் சுற்றிவரக் காத்திருந்தார்கள். பிறகு இம்முறை அவசரமில்லாமல், பனித்துளியை இலையிலிருந்து ஏந்துவதுபோல ஒரு துளியை ஏந்தினாள். சுழலும் பொறியில் இட்டாள். செவ்வணுக்கள் அடியில் தங்கின. மேலே நின்ற தெளிநீர், மழைவிட்ட அந்தியில் கடல் நிறங்கொள்வதுபோல, கலங்கலின்றிப் பசுநீலமாக நின்றது. கருவி எண்ணைச் சொன்னது. அவள் செவ்வணுக்களின் பங்கையும் சேர்த்துக் கணக்கிட்டாள்.

மூன்று புள்ளி ஆறு மில்லி.

"இன்னொரு தடவ போடுங்க," என்றான் இதாகுரா. போட்டாள். அதே எண். அவன் தாளை வாங்கித் தானே ஒருமுறை போட்டுப் பார்த்தான். சுண்டெலிக் கணக்குப்படி ஐந்துக்குக் கொஞ்சம்தான் குறைவாக வந்திருக்க வேண்டும். வித்தியாசம் ஒரு மில்லி. பத்தில் ஒரு பங்கு என்று எடுத்தால், ஒவ்வொரு தடவையும் இரண்டு துளி அதிகம்.

"ரெண்டு துளி," என்றான் அவன்.

"வாரா வாரம்," என்றாள் அவள்.

அவன் தன் மீசையைத் தடவவில்லை.

வெற்றிமுரசு முழங்கியிருக்க வேண்டிய வேளை அது, ஆனால் முழங்கவில்லை. தைஷோ எழவில்லை. வாயுவை நிறுத்தி வெகுநேரமாகியும் படைத்தலைவன் சாய்ந்தது சாய்ந்தபடியே கிடந்தது, பாதங்கள் குளிர்ந்திருந்தன. மூஞ்சூறு ஓயாமல் தின்று ஓயாமல் எரியும் சிறு அடுப்பு, குளிர்ந்தால் அணைந்துவிடும். நிஷிகோரி தன் மேலங்கிப் பையிலிருந்த கைரோ சூட்டுப்பொட்டலங்களைப் பிரித்துக் குலுக்கி, துணியில் சுற்றி, அதன்மேல் தைஷோவைக் கிடத்தி, இரு உள்ளங்கைகளாலும் கூரை வேய்ந்தாள். சுவர்க்கடிகாரத்தை இதாகுரா பார்த்தான்.

"கூட்டம் தொடங்கப் போவுது."

"தெரியும். மயக்கத்துல இருக்கறத விட்டுட்டு வர முடியாது. நீங்க போய்ச் சொல்லிருங்க."

"நானா? சுண்டெலிக் கணக்கப் போடுங்கன்னு சொன்னதே நான்தானே?"

"அதனாலதான். நீங்க சொன்னா நம்புவாங்க."

தன் தோல்வியைத் தானே எடுத்துச்சென்று சபையில் படிக்க வேண்டிய தூது, எந்தக் காவியத்திலும் எந்தத் தூதனுக்கும் வாய்த்ததில்லை. இதாகுரா தாளை நான்காக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, கதவருகே ஒருமுறை நின்று தைஷோவைப் பார்த்துவிட்டுப் போனான்.

நிஷிகோரி தனித்திருந்தாள். உள்ளங்கைக்குள் ஒரு துடிப்பு இருந்தது. இருந்ததா, தன் விரலின் துடிப்பா என்று தெரியவில்லை. எண் கிடைத்துவிட்டது, எண்ணுக்குள் இருந்தது போய்விட்டால் என்ன செய்வது? சாமந்திப் பூவை வைக்கும் அந்தக் கல் நினைவுக்கு வந்தது. அவள் கையை எடுக்கவில்லை. எவ்வளவு நேரம் என்று பார்க்கவுமில்லை.

முதலில் மீசை அசைந்தது. ஒரே ஒரு மயிர். அடுத்து மூக்குநுனி, எதையோ மறந்துவிட்டவர் யோசிப்பதுபோல, இப்படியும் அப்படியும் துழாவிற்று. பிறகு, ஐயமே இல்லாதபடி, அவளுடைய உள்ளங்கைகளின் கூரைக்குள்ளிருந்து அந்த நாற்றம் எழுந்தது! சந்தனமும் அகிலும் தோற்றோடும். முல்லையும் மல்லிகையும் முகம்மறைக்கும். தேவலோகத்துக் கற்பகப்பூக்களை வண்டிவண்டியாகக் கொட்டினாலும் அந்தக் கஸ்தூரிக்கு ஈடாகாது. முகமூடியை இறக்கிவிட்டு அவள் அதை ஆழ மூச்சிழுத்து முகர்ந்தாள். அவள் கண்ணில் நீர் வந்ததற்கு நாற்றம் பாதிக் காரணம்.

தைஷோ நான்கு காலில் நின்று, தள்ளாடி, கூண்டின் தீனிக்கிண்ணத்துக்குள் தலையைப் புதைத்துக்கொண்டபோது இதாகுரா திரும்பிவந்தான்.

"என்ன சொன்னாங்க?"

"சுண்டெலிக் கணக்கு வேண்டாம்னு ஆயிருச்சு. இன்னும் பத்து மூஞ்சூற அளந்து காட்டச் சொன்னாங்க. எழுந்துருச்சா?"

"எழுந்து தின்னுட்டு இருக்கு. வேற ஒண்ணும் கேக்கலியா?"

"மோரிசாவா சென்செய் ஒண்ணே ஒண்ணு கேட்டாரு." அவன் கொஞ்சம் தயங்கினான். "இதாகுரா, உன் மூக்கு ஏன் நீலமா இருக்குன்னு."

நிஷிகோரி அவனை நிமிர்ந்து பார்த்தாள். முகவாய் நீலமான அவளும் மூக்கு நீலமான அவனும் ஒருவரையொருவர் பார்த்தபடி நின்றார்கள். முதலில் சிரித்தது யார் என்பதில் அந்த மாடியில் இன்றும் இருவேறு கருத்துண்டு.

இவ்வாறாக, செங்கடலின் அளவு கண்டவளும், ஈராயிரம் சுண்டெலிகளின் வேந்தனையும் தும்மல் அடக்கும் தவத்தில் நிறுத்திவைத்தவளும், எண்ணைப் பிறர்கையில் தந்துவிட்டு உயிரைத் தன்கையில் வைத்துக் காத்தவளுமாகிய நிஷிகோரியின் வெற்றியைத் திசையெட்டும் சங்கெடுத்து ஊத, மிசுஹோ ஆறு தன் பாலங்களுக்கடியில் அலையெறிந்து ஆர்ப்பரிக்க, தொலைவில் நின்ற சுகி மலைகள் பொற்பொடி தூவி வாழ்த்த, நாற்பது குடிகளும் கூண்டுக்கம்பிகளைப் பற்றி நின்று விடைகொடுக்க, செருப்பை மாற்றிக்கொண்டு, மேலங்கியைக் களைந்து, இரட்டைக்கதவுகளையும் ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டு வெயிலுக்குள் இறங்கி நடந்தாள் அவ்வீராங்கனை.

உணவுக்கூடத்தில் கறிச்சோறு தீர்ந்துபோயிருந்ததால் ஊதொன் நூடுல்ஸ் வாங்கிச் சாப்பிட்டாள்.